காக்காப்பொன்னா, கட்டித் தங்கமா?

கேள்வி: பள்ளி விடுமுறையில் மகன் பஹாங் மாநிலத்தின் ரவூப் பக்கம் போய்விட்டு, சாலையோரக் கடையில் 15 ரிங்கிட்டுக்கு மஞ்சளாக மின்னும் கல் ஒன்றை வாங்கி வந்தான். அந்த ஊரில் தங்கச் சுரங்கம் இருந்ததாமே? இது தங்கமா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?
– வாசகி, ஈசூன்

பதில்: ரவூபில் 1889 முதல் தங்கம் வெட்டினார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஊரின் பெயரை வைத்துக் கல்லை எடைபோடாதீர்கள். தங்கம் கிடைக்கும் பாறைகளில் பைரைட்டும் கூடவே கிடைக்கும். இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் அது. ‘முட்டாள் தங்கம்’ என்று கேலி செய்வது இதைத்தான். 15 ரிங்கிட்டுக்குக் கட்டித் தங்கம் தரும் கடைக்காரர் எங்கும் இல்லை என்பது வேறு விஷயம்.

முதலில் கல்லை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், பிறகு நிழலில் பாருங்கள். தங்கம் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மஞ்சளாக இருக்கும். பைரைட் ஒரு கோணத்தில் பளிச்சென்று அடிக்கும், சற்றுத் திருப்பினால் மங்கிவிடும். நிறத்திலும் பித்தளைச் சாயல் இருக்கும். கன சதுரப் பட்டைகளும், பட்டைகளின் மேல் இணைகோடுகளும் தெரிந்தால் பைரைட் என்றே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது உரசல். இதற்கென்று எதுவும் வாங்க வேண்டாம். பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடிவளையத்தில் மெருகு பூசாத சொரசொரப்பான பகுதி இருக்கும். அதில் கல்லை அழுத்தி இழுங்கள். கோடு மஞ்சளாக விழுந்தால் தங்கம்; பச்சை கலந்த கறுப்பாக விழுந்தால் பைரைட். தேய்ந்து விழும் தூளின் நிறம் ஏமாற்றாது. சால்கோபைரைட் என்ற செம்புக் கனிமமும் இப்படிக் கறுப்புக் கோடுதான் போடும். அதன் மேல் மயில்கழுத்து நிறங்கள் படர்ந்திருந்தால் அதுவாக இருக்கலாம்.

மூன்றாவது ஊசி. கல்லின் மறைவான ஓரத்தில் குத்துங்கள். தங்கம் மென்மையானது, ஊசி பதிந்து பள்ளம் விழும். பைரைட்டில் பள்ளம் விழாது. ஓங்கிக் குத்தினால் சில்லாகத் தெறிக்கும், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மகனிடம் கொடுக்காமல் நீங்களே செய்வது நல்லது.

சந்தேகம் இன்னும் தீரவில்லையென்றால் கனத்தைப் பாருங்கள். தங்கத்தின் அடர்த்தி 19.3, பைரைட்டுக்கு வெறும் 5. 0.01 கிராம் வரை காட்டும் சிறிய எலக்ட்ரானிக் தராசு வேண்டும். மாவு நிறுக்கும் தராசு உதவாது. கல்லை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசில் தண்ணீர்க் கோப்பையை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுதாக மூழ்கும்படி பிடியுங்கள். இப்போது தராசு காட்டுவது கல்லின் கன அளவு. முதல் எடையை இதனால் வகுங்கள். 24.60 கிராம் கல்லுக்கு 4.92 காட்டினால் விடை 5, அதாவது பைரைட். கல்லில் வெள்ளைப் படிகக்கல் ஒட்டியிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. படிகக்கல்லின் அடர்த்தி 2.65தான், அது மொத்தத்தையும் கீழே இழுத்துவிடும்.

அடுப்பில் சுட்டுப் பார்க்க வேண்டாம். பைரைட் கந்தகப் புகையைக் கக்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் அது இருமலையும் அண்டை வீட்டாரின் புகாரையும்தான் கொண்டுவரும். நைட்ரிக் அமிலமும் வீட்டுக்கு ஆகாது.

கேள்வி: அலமாரியில் வைத்திருந்த பைரைட் கல்லைச் சுற்றி வெள்ளைத் தூள் உதிர்கிறது. கீழே வைத்த அட்டையும் கருகியதுபோல் இருக்கிறது. போலிக் கல்லா?
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: கல் அசல் பைரைட்தான், நம் ஊர்க் காற்றுதான் அதைத் தின்கிறது. காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினால் பைரைட் வேகமாகச் சிதையும். சிங்கப்பூரில் அதற்குக் கீழே இறங்குவதே அபூர்வம். ஈரமும் ஆக்சிஜனும் சேரும்போது இரும்பு சல்பேட்டும் கந்தக அமிலமும் உருவாகின்றன. தூள் முதலாவது, அட்டையைக் கருக்கியது இரண்டாவது.

தண்ணீரில் கழுவாதீர்கள், நிலைமை மோசமாகும். கையுறை போட்டு, உலர்ந்த பல்துலக்கியால் தூளைத் தட்டிவிடுங்கள். பிறகு காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் மூடி வையுங்கள். நிறம் மாறும் வகை ஜெல் நல்லது, எப்போது மாற்றுவது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். மற்றக் கற்களோடு சேர்த்து வைக்க வேண்டாம். ஸ்பெயினின் நவஹூன் ஊரிலிருந்து வரும் பெரிய, இறுகிய சதுரக் கற்கள் இவ்வளவு சீக்கிரம் கெடுவதில்லை. பொடிமணிகளாகச் சேர்ந்த கற்கள்தான் முதலில் உதிரும்.

கேள்வி: பாட்டியின் 916 சங்கிலியைக் காந்தம் இழுக்கிறது! ஏமாந்துவிட்டோமா?
– வாசகி, பொங்கோல்

பதில்: எந்த இடத்தை இழுக்கிறது என்று பாருங்கள். கொக்கியை மட்டும் என்றால் பதற வேண்டாம். அதனுள்ளே இருக்கும் சிறிய ஸ்பிரிங் எஃகால் ஆனதாக இருக்கலாம். சங்கிலியின் உடலையே இழுத்தால்தான் சந்தேகம். ஆனால் காந்தம் இழுக்காததும் சான்று ஆகாது. செம்பு, பித்தளை, வெள்ளி எதையும் காந்தம் தொடாது. பைரைட்டையும்தான்.

916 தங்கத்தின் அடர்த்தி ஏறக்குறைய 17.8. மேலே சொன்ன முறையில் 8 கிராம், அதாவது ஒரு பவுன் எடையுள்ள சங்கிலிக்குத் தராசு 0.45 காட்ட வேண்டும். பித்தளையாக இருந்தால் 0.9க்கு மேல் போகும். கண்ணிகளுக்குள் காற்றுக்குமிழி சிக்கினால் எண் கூடி, நல்ல தங்கமும் போலி போலத் தெரியும். அதனால் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, சங்கிலியை ஆட்டிவிட்டு நிறுங்கள். உள்ளே குழலான மணி, அரக்கு அடைத்த பதக்கம் ஆகியவற்றுக்கு இந்த முறை வேண்டாம்.

கோப்பையடியில் நகையை உரசாதீர்கள், தங்கம்தான் தேயும். சிராங்கூன் சாலையில் எக்ஸ்ரே கருவி வைத்திருக்கும் நகைக்கடையில் காட்டுங்கள். அந்தக் கருவி மேற்பரப்பை மட்டுமே படிப்பதால் தடித்த முலாம் அதை ஏய்த்துவிடும். ஒரே இடத்தில் வைத்துவிட்டுத் திருப்பித் தந்தால் விடாதீர்கள். தேய்ந்த கண்ணி, பற்றவைத்த இடம், கொக்கி மூன்றிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஜொகூரில் அருவியில் குளித்தபோது மணலில் தங்கத் துகள்கள் ஒட்டின. கொஞ்சம் எடுத்து வந்தேன்.
– வாசகர், ஜூரோங்

பதில்: பெரும்பாலும் காக்காப்பொன், அதாவது மைக்கா. ஒரு தட்டில் மணலோடு தண்ணீர் விட்டுச் சுழற்றுங்கள். மைக்கா செதில் தண்ணீரோடு எழும்பிப் போகும், தங்கம் அசையாமல் அடியில் தங்கும். அப்படி ஏதாவது தங்கினால் ஊசியால் அழுத்துங்கள்: ஏடு ஏடாகப் பிரிந்தால் மைக்கா, நசுங்கிப் பரவினால் மறுபடி எழுதுங்கள்.