விலை படிந்ததும் மறைந்துபோகும் புகார்கள்

கேள்வி: ஒப்பந்தத்தில் இருக்கும் எங்கள் வீரரிடம் போட்டி கிளப் ரகசியமாகப் பேசிவிட்டது என்று வீரர்கள் கிளப் மாறும் டிரான்ஸ்ஃபர் காலம் வந்தாலே ஏதாவது ஒரு கால்பந்து கிளப் குற்றம் சாட்டுகிறது. சில மாதங்களில் அந்த வீரர் அந்த கிளப்புக்கே போய்விடுகிறார். புகார் என்ன ஆனது என்று கேட்க ஆளில்லை. எல்லாரும் மீறுகிற விதி எதற்கு? எடுத்துவிட்டால் என்ன?

பதில்: எடுக்கக் கூடாது. உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அதில் பாதியை ரகசியமாகப் பேசியவர் மீது காட்டுங்கள். மீதிப் பாதி, புகார் கொடுத்துவிட்டுப் பணம் வந்ததும் வாயை மூடிக்கொள்கிறவருக்குச் சேர வேண்டியது.

முதலில் விதி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஒப்பந்தத்தில் உள்ள ஒரு வீரரை எடுக்க நினைக்கும் கிளப், அவரிடம் பேசத் தொடங்கும் முன் அவருடைய இப்போதைய கிளப்புக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா. ஒப்பந்தம் முடிந்திருந்தாலோ, முடிய 6 மாதத்துக்குள் இருந்தாலோதான் வீரர் இன்னொரு கிளப்புடன் ஒப்பந்தம் போடலாம். 2014 ஜனவரியில் ராபர்ட் லெவன்டோவ்ஸ்கி ஜெர்மனியின் டோர்ட்மண்ட் கிளப்பில் ஆடிக்கொண்டே போட்டி கிளப்பான பேயர்ன் மியூனிக்குடன் ஒப்பந்தம் போட்டாரே, அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. அவருடைய ஒப்பந்தம் அந்தக் கோடையில் முடிய இருந்தது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் இன்னும் கறாரானது. அங்கே எழுத்து மூலம் அனுமதி பெறாமல் கிளப்பும் வீரரை அணுகக் கூடாது, வீரரும் கிளப்பை அணுகக் கூடாது. 'அவரை எங்களுக்குப் பிடிக்கும், எடுக்க விரும்புகிறோம்' என்று பத்திரிகையாளர்களிடம் வெளிப்படையாகச் சொன்னாலே அது மறைமுக அணுகலாகக் கருதப்படும்.

இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட விதி ஏன் யாரையும் தடுக்கவில்லை?

ஆஷ்லி கோல் விவகாரத்தைப் பாருங்கள். 2005 ஜனவரியில் லண்டன் ஹோட்டல் ஒன்றில் செல்சி மேலாளர் ஜோசே மொரீனியோவும் அந்த கிளப்பின் தலைமை நிர்வாகி பீட்டர் கென்யனும் ஆர்சனலின் இடதுபுறத் தடுப்பாட்டக்காரரான கோலைச் சந்தித்தார்கள். ஏஜென்ட்களும் உடன் இருந்தார்கள். செய்தி பத்திரிகையில் வெளியானது, பிரீமியர் லீக் விசாரித்தது. செல்சிக்கு 3 லட்சம் பவுண்டு அபராதம், கூடவே மீண்டும் தவறினால் 3 புள்ளிகள் பறிபோகும் என்ற எச்சரிக்கை. மொரீனியோவுக்கு 2 லட்சம், கோலுக்கு 1 லட்சம். மேல்முறையீட்டில் இருவருடைய அபராதமும் ஆளுக்கு 75,000 பவுண்டாகக் குறைந்தது. புதிய ஒப்பந்தத்துக்கு ஆர்சனல் கோலுக்குத் தர முன்வந்த வார ஊதியமே 55,000 பவுண்டு. இந்த வகைக் குற்றங்களில் பெயர் பெற்ற தண்டனை இதுதான், அது ஒரு வாரச் சம்பளத்தைவிடச் சற்றே அதிகம். 2006 ஆகஸ்ட் கடைசியில், தன் வீரர் வில்லியம் காலாஸையும் 50 லட்சம் பவுண்டையும் ஆர்சனலுக்குக் கொடுத்து, கோலைச் செல்சி அழைத்துக்கொண்டது. யாரிடம் பேசக் கூடாது என்று தண்டித்தார்களோ அவரையே 15 மாதம் கழித்து வாங்க முடிந்தது. அப்படியானால் அந்த 3 லட்சம் பவுண்டு தண்டனையாக இருந்ததா, முன்பணமாக இருந்ததா?

2017இல் அதே கதை, இம்முறை இன்னும் மென்மையாக. சவுத்தாம்ப்டனின் விர்ஜில் வான் டைக்கை லிவர்பூல் விதிக்குப் புறம்பாக அணுகியதாக ஜூன் மாதம் புகார் எழுந்தது. பிரீமியர் லீக் விசாரிக்க வேண்டும் என்று சவுத்தாம்ப்டன் கேட்டது. லிவர்பூல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, அந்த வீரர் மீதான ஆர்வத்தை முடித்துக்கொண்டதாகவும் அறிவித்தது. டிசம்பர் முடிவதற்குள் 7.5 கோடி பவுண்டுக்கு விலை படிந்தது. தடுப்பாட்டக்காரர் ஒருவருக்கு அதுவரை யாரும் கொடுக்காத தொகை. சவுத்தாம்ப்டனின் கோபம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கோபம் அவர்களுக்கு விலையையும் ஏற்றிக் கொடுத்தது. ஜூனில் நடந்த தவறு டிசம்பரிலும் தவறுதான். பணம் கைமாறியதும் அதைப் பற்றிப் பேச இரு தரப்புக்கும் விருப்பம் இல்லாமல் போனது.

ஸ்பெயினில் நடந்ததைக் கேட்டால் கோபமே வரும். ஆன்டுவான் கிரீஸ்மனிடம் பார்சிலோனா அனுமதியின்றிப் பேசுவதாக அத்லெடிகோ மாட்ரிட் 2017 டிசம்பரிலேயே ஃபிஃபாவிடம் புகார் செய்தது. 2019 ஜூலையில் 12 கோடி யூரோ விடுவிப்புத் தொகையை (ஒப்பந்தத்திலிருந்து வீரரை விடுவிக்கக் கட்ட வேண்டிய தொகை) கட்டி அவரை பார்சிலோனா எடுத்துக்கொண்டது. ஜூலை 1க்கு முன் அந்தத் தொகை 20 கோடி. பேரம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது, எனவே மீதி 8 கோடியும் எங்களுக்கு வர வேண்டும் என்றது அத்லெடிகோ. ஸ்பெயின் கால்பந்துக் கூட்டமைப்பு விசாரித்து, பார்சிலோனா தவறு செய்தது உண்மை என்று முடிவு செய்து, அபராதம் விதித்தது. எவ்வளவு தெரியுமா? 300 யூரோ. தவறை நிரூபித்த பிறகும் இவ்வளவுதான் என்றால், அடுத்த கிளப் எதற்குப் பயப்படும்?

மீறல் எப்படி நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஹோட்டல் சந்திப்பெல்லாம் அபூர்வம். வழக்கமான பாதை ஏஜென்ட். 'உங்கள் ஆளுக்கு வர விருப்பமா, எவ்வளவு எதிர்பார்க்கிறார்' என்று வாங்க நினைக்கும் கிளப்பின் ஆள் ஏஜென்ட்டிடம் கேட்பார். ஏஜென்ட் வீரரிடம் கேட்பார். வீரரும் கிளப்பும் ஒரு வார்த்தைகூட நேரில் பேசியிருக்க மாட்டார்கள், ஆனால் சம்பளம் வரை முடிவாகியிருக்கும். ஏஜென்ட் ஒருவருக்கே இரண்டு கிளப்பிலும் ஆட்கள் இருப்பதால், எந்தத் தொலைபேசி அழைப்பு யாரைப் பற்றியது என்று நிரூபிக்க வழியில்லை. தேசிய அணி முகாம்களில் சக வீரர்களே தூது போவதும் உண்டு. 'தனிப்பட்ட நிபந்தனைகளுக்கு வீரர் ஒப்புக்கொண்டார், கிளப்புகளுக்கிடையே தொகை பற்றிய பேச்சு இனிமேல்தான்' என்று ஒவ்வொரு கோடையிலும் செய்தி படிக்கிறோம். அதை நிதானமாகத் திரும்பப் படியுங்கள். முன்கூட்டியே அனுமதி கொடுக்கப்பட்டிருந்தால் தவிர, அந்தச் செய்தி ஒரு விதிமீறலின் அறிவிப்பு. எந்த லீகும் அதைப் பார்த்து விசாரணை தொடங்குவதில்லை. கிளப் கேட்டால்தான் விசாரணை, கிளப் கேட்பதோ பேரத்தில் தனக்கு உதவும்போது மட்டும்.

2025 ஜூலையில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கொந்தளித்ததும் இப்படித்தான் முடிந்தது. அந்த கிளப்பின் வீரர் மோர்கன் கிப்ஸ்-வைட்டின் ஒப்பந்தத்தில் இருந்த 6 கோடி பவுண்டு விடுவிப்புத் தொகையைக் கட்ட டாட்டன்ஹாம் முன்வந்ததும், ரகசியமாக இருக்க வேண்டிய அந்தத் தொகை வெளியே எப்படித் தெரிந்தது என்று சட்ட நடவடிக்கை வரை பேச்சு போனது. அந்த மாதம் முடிவதற்குள் அவர் ஃபாரஸ்ட்டிலேயே புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அத்தோடு பேச்சும் ஓய்ந்தது.

அப்படியானால் விதியே வேண்டாம் என்கிறீர்கள். இங்கேதான் நான் உங்களோடு உடன்படவில்லை. கோலும் வான் டைக்கும் தங்களைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள். விதி தேவைப்படுவது கிளப்புகளின் பயிற்சிக்கூடங்களில் இருக்கும் பையன்களுக்கு. 2017 ஏப்ரலில் இதே லிவர்பூல், ஸ்டோக் சிட்டி பயிற்சிக்கூடத்துச் சிறுவன் ஒருவனிடம் அனுமதி கிடைக்கும் முன்பே பேசியதற்காகவும், அவனுக்கும் குடும்பத்துக்கும் ஆசை காட்டியதற்காகவும் தண்டிக்கப்பட்டது. 1 லட்சம் பவுண்டு அபராதம். அதோடு இங்கிலாந்தின் பிற கிளப்புகளிலிருந்து சிறுவர்களை எடுக்க ஓராண்டுத் தடை. அடுத்த மாதமே மான்செஸ்டர் சிட்டிக்கு இதே போன்ற குற்றத்துக்காக 3 லட்சம் பவுண்டு அபராதமும் தடையும். இப்படிப்பட்ட பேரத்தில் பெற்றோருக்கு ஏஜென்ட்டின் தந்திரம் தெரியாது, எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்பதும் முழுதாகப் புரியாது. விதியை எடுத்துவிட்டால் முதலில் வேட்டையாடப்படுவது அவர்கள்தான். பல ஆண்டுகள் பயிற்சி கொடுத்து வளர்த்த சிறிய கிளப் வெறும் கையோடு நிற்கும்.

கவனித்தீர்களா, அந்த இரண்டு வழக்கிலும் தண்டனையில் பல் இருந்தது. பணக்கார கிளப்புக்கு அபராதம் வலிக்காது. ஆள் எடுக்க முடியாது என்றால்தான் வலிக்கும். 2009 செப்டம்பரில் கேல் ககூட்டா விஷயத்தில் ஃபிஃபா இதைச் செய்து பார்த்தது. பிரான்ஸின் லான்ஸ் கிளப்பிலிருந்து அந்தப் பையனை ஒப்பந்தம் முறித்து வரத் தூண்டியதாகச் செல்சிக்கு 2011 ஜனவரி வரை புதிய வீரர்களைப் பதிவு செய்யத் தடை. கால்பந்து உலகமே ஆடிப்போனது. பிறகு இரு கிளப்புகளும் சமரசம் பேசின, செல்சி தவறை ஒப்புக்கொள்ளாமலேயே லான்ஸுக்குப் பணம் கொடுக்கச் சம்மதித்தது, 2010 பிப்ரவரியில் விளையாட்டுத் தீர்ப்பாயத்தில் தடை நீங்கியது. நோய் இதுதான். பொது விதியை மீறிய குற்றத்தை இரண்டு கிளப்புகள் தங்களுக்குள் காசு கொடுத்துத் தீர்த்துக்கொள்ள முடிகிறது.

என் நிலைப்பாடு இது. புகார் ஒருமுறை கொடுக்கப்பட்டால் அதைத் திரும்பப் பெறும் உரிமை கிளப்புக்கு இருக்கக் கூடாது. வீரர் விற்கப்பட்டாலும், சமரசம் ஆனாலும், மன்னிப்புக் கேட்டாலும் விசாரணை முடிவு வரை போக வேண்டும்; முடிவு வெளியிடப்பட வேண்டும். குற்றம் உறுதியானால், எந்த வீரரிடம் பேசினார்களோ அவரைக் குறிப்பிட்ட காலத்துக்கு அந்த கிளப் பதிவு செய்யக் கூடாது. பொய்ப் புகார் என்று தெரிந்தால் புகார் கொடுத்தவருக்கும் தண்டனை வேண்டும். ஏஜென்ட்டையும் விட்டுவிடக் கூடாது. கோல் விவகாரத்தில் அவருடைய ஏஜென்ட்டின் உரிமத்தை இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் நிறுத்திவைத்தது, அந்த வழியைத் தொடர்ந்திருக்க வேண்டும்.

வீரரின் பதிவைத் தடுத்தால் தண்டனை அவருக்கும் விழுமே என்பீர்கள். விழும். பேச்சில் அவரும் ஒரு தரப்பு என்பதால் அதை நான் ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு: கிளப்பும் அதே ஒழுங்குக்குக் கட்டுப்பட வேண்டும். இன்று ஒரு கிளப் தன் வீரரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவரை நான்கு இடத்தில் விலை பேசலாம். அவர் வேறிடத்தில் வேலை கேட்டால் மட்டும் அது குற்றம். ஆள் எடுக்க எழுத்து மூலம் அனுமதி கேட்கச் சொல்லும் விதி, ஆளை விற்கக் கிளம்பும் கிளப்பும் வீரருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று சொல்லட்டும்.