16,500 டொலருக்கு ஒரு மெர்சிடிஸ் எஸ்.எல். 500: வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 47 வயது, கனடாவில் ரொறன்ரோவின் ஸ்கார்பரோவில் வசிக்கிறேன். வீட்டுக்கடன் இன்னும் 9 ஆண்டுகள் இருக்கிறது. வேறு கடன் இல்லை. ரி.எஃப்.எஸ்.ஏ. என்னும் வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் 22,000 டொலர் சேர்த்திருக்கிறேன். 2005ஆம் ஆண்டு மெர்சிடிஸ் பென்ஸ் எஸ்.எல். 500 ஒன்று, கூரை மடங்கும் கார், 130,000 கிலோமீற்றர் ஓடியது, தனியார் ஒருவரிடம் 16,500 டொலருக்கு விலைக்கு வந்திருக்கிறது. கோடையில் மட்டுமே ஓட்டுவேன். திருத்தவேலை வந்தால் வீட்டின் மேலுள்ள கடன்வசதியில் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். மனைவி வேண்டாம் என்கிறார். உங்கள் கருத்து என்ன?

பதில்: இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு வாங்க வேண்டாம். வீட்டுக்கடனைத் தவிர வேறு கடன் வைக்காமல் இவ்வளவு காலம் குடும்பம் நடத்தியவர் ஒரு கோடைக்காருக்கு ஆசைப்படுவதில் நான் குறை காணமாட்டேன். விற்பவர் கேட்கும் 16,500 டொலரையே காரின் விலை என்று நீங்கள் எடுத்துக்கொண்டதுதான் சிக்கல். புதிதாக வந்தபோது ஒரு இலட்சம் டொலருக்கு மேல் விற்ற கார் இது. இருபது ஆண்டுகளில் காரின் விலை விழுந்திருக்கிறதே தவிர, அதன் உதிரிப்பாகங்களின் விலையும் அதைத் திருத்தத் தெரிந்தவரின் மணிக்கூலியும் சேர்ந்து விழவில்லை.

முதலில் எளிய கூட்டல். ஒன்ராறியோவில் தனியாரிடம் வாங்கினாலும் 13 சதவீத விற்பனை வரி உண்டு; அது 2,145 டொலர். ஆக 18,645 போனபின் உங்கள் கையில் மிஞ்சுவது 3,355 டொலர். பாதுகாப்புச் சான்றிதழ், ரயர், காப்புறுதி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அவசரத்துக்கென்று வேறு சேமிப்பு இருப்பதாக நீங்கள் எழுதவில்லை என்பதையும் கவனித்தேன்.

இந்த ரகத்தில் பணத்தை அதிகம் விழுங்குவது ஏ.பி.சி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும், சக்கரங்களின் மேல் காரைத் தாங்கும் ஹைட்ரோலிக் சஸ்பென்ஷன். சாதாரணக் காரில் சாய்வைக் கட்டுப்படுத்தும் இரும்புத் தண்டுக்குப் பதிலாக, எஞ்ஜினால் இயங்கும் ஒரு பம்ப் ஏறக்குறைய 200 பார் அழுத்தத்தில் எண்ணெயை நான்கு மூலைகளுக்கும் தள்ளி, வளைவில் கார் சாயாமல் பிடித்துக்கொள்கிறது. ஓட்டுவதற்கு அற்புதமான ஏற்பாடுதான். ஆனால் வயதாகும்போது குழாய்கள் கசியும், வால்வுத் தொகுதிகள் அழுத்தத்தைப் பிடித்து வைக்காது, பம்ப் தேயும். ஒரு மூலையில் காரைத் தாங்கும் தூணான ஸ்ட்ரட்டை மாற்றவே, மெர்சிடிஸ் தெரிந்த தனியார் கராஜில், கூலியுடன் 1,500 முதல் 2,500 டொலர் வரை ஒதுக்குமாறு என் வாடிக்கையாளர்களுக்குச் சொல்வேன். பம்ப் போனாலும் ஏறக்குறைய அவ்வளவே. இதே ரகக் காரை வைத்திருக்கும் ஒருவர் சென்ற வசந்தத்தில் என் மேசையில் ஒரு கோப்பை விரித்தார்: முன் இடது ஸ்ட்ரட், பம்ப், பிறகு முன் வலது ஸ்ட்ரட் என்று பதினான்கு மாதங்களில் மூன்று பட்டியல்கள், கூட்டினால் 5,900 டொலர். அவர் எவரையும் குறை சொல்லவில்லை. பாகங்கள் ஒரே வயதுடையவை, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகும்.

அடுத்தது பிரேக். எஸ்.பி.சி. என்னும் மின்னணு பிரேக் முறை இந்தக் காரில் இருக்கிறது. கதவைத் திறந்ததும் எஞ்ஜின் பக்கத்தில் 'ர்ர்' என்று ஒரு சத்தம் கேட்டால் அது பழுதல்ல, பிரேக் பம்ப் அழுத்தம் ஏற்றுகிறது. அந்தப் பாகம் பிரேக் மிதிக்கப்படும் தடவைகளை எண்ணிக்கொண்டே வந்து, குறித்த எண்ணிக்கை முடிந்ததும் தன்னை மாற்றச் சொல்லி எச்சரிக்கும். அமெரிக்காவில் இதற்கான உத்தரவாதத்தை நிறுவனம் 25 ஆண்டுகளுக்கு நீட்டியது. ஆகவே விலை பேசுவதற்கு முன்பே காரின் சேசிஸ் எண்ணை மெர்சிடிஸ் முகவரிடம் கொடுத்து, இந்தக் காருக்கு என்ன சலுகை உண்டு, பாகம் ஏற்கெனவே மாற்றப்பட்டதா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அந்த ஒரு தொலைபேசி அழைப்பு இரண்டாயிரம் டொலருக்கு மேல் பெறுமதியானது.

கூரை ஒரு பொத்தானை அழுத்தினால் சுமார் 16 விநாடியில் மடங்கும். அதைத் தூக்கும் ஹைட்ரோலிக் சிலிண்டர்களின் ரப்பர் வளையங்கள் காலப்போக்கில் இறுகி எண்ணெய் கசியும். சிலிண்டரைக் கழற்றி வளையத்தை மட்டும் மாற்றித் தருபவர்கள் இருப்பதால் இது சமாளிக்கக்கூடிய செலவுதான். பின்பெட்டிக்குள் இறங்கும் தண்ணீரே கொடியது, ஏனெனில் விரிப்புக்கு அடியில் மின்னணுப் பெட்டிகள் இருக்கின்றன. விரிப்பைத் தூக்கிக் கையை வைத்துப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள்.

எஞ்ஜின் குறித்துக் கவலை வேண்டாம். 5 லீற்றர், எட்டு சிலிண்டர், நீண்ட காலம் உழைக்கும் வகை. பிளக் மட்டும் சிலிண்டருக்கு இரண்டாகப் பதினாறு. "புதியது நல்லது" என்று 2007ஆம் ஆண்டின் எஸ்.எல். 550 பக்கம் போய்விடாதீர்கள்: அதன் தொடக்ககால எஞ்ஜின்கள் சிலவற்றில் உள்ளே ஒரு பற்சக்கரம் தேய்ந்துபோகும், அதை மாற்ற எஞ்ஜினையே வெளியே இறக்க வேண்டும்.

வீட்டின் மேலுள்ள கடன்வசதியைத் திருத்தவேலைக்கு எடுப்பதை நான் ஏற்கவில்லை. கார் ஆண்டுக்கு ஐந்து மாதம் ஓடும். வட்டி பன்னிரண்டு மாதமும் ஓடும். சொந்தத் தேவைக்கான கடன் என்பதால் அந்த வட்டிக்கு வரிக்கழிவும் இல்லை. மனைவியின் தயக்கம் இதைப் பற்றியதாக இருந்தால் அவர் சொல்வதே சரி.

வாங்கும் பணத்தைத் தவிர 7,000 டொலர் திருத்தவேலைக்கென்று தனியாகவும், குடும்பத்தின் மூன்று மாதச் செலவு வேறாகவும் இருக்கும் நாளில் இதே கேள்வியைக் கேட்டால் என் பதில் மாறும். அப்போது பணத்தை டிசம்பரில் எடுங்கள். ரி.எஃப்.எஸ்.ஏ.யில் இருந்து எடுத்த தொகையை மீண்டும் போடுவதற்கான இடம் அடுத்த ஜனவரி 1ஆம் திகதிதான் திரும்பக் கிடைக்கும் என்பதால், கோடையில் எடுத்தால் ஆறேழு மாதம் காத்திருக்க நேரிடும். பனிக்காலத்தில் கூரை திறக்கும் காரை வாங்க ஆளும் குறைவு, விலையும் இளகும்.

அந்த நாளில் பார்க்கும் காரை ஓர் இரவு கராஜில் நிறுத்திவைக்க விற்பவரிடம் அனுமதி கேளுங்கள். மாலையில் நான்கு சக்கர வளைவுகளின் உயரத்தையும் நாடாவால் அளந்து எழுதிவைத்து, காலையில் எஞ்ஜினை முடுக்குவதற்கு முன் மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் வால்வுத் தொகுதிக்கான செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். இரவு நிறுத்தவே அவர் சம்மதிக்காவிட்டால், வேறு காரைப் பாருங்கள்.