பைபோலார் (மனநிலை அளவுமீறி ஏறி இறங்கும் நோய்) உள்ள என் அண்ணன் எட்டு மாதமாக நன்றாக இருக்கிறார். லித்தியம் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். அவர் நன்றாக இருப்பதே அந்த மாத்திரையால் இருக்கலாம். "கிட்னி போய்விடும்" என்று வீட்டில் யாரோ சொல்லியிருப்பார்கள். அந்தப் பயம் முழுக்கப் பொய்யும் இல்லை. பல வருடம் சாப்பிடும்போது சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கும், தைராய்டு சுரப்பும் குறையும். அதனால்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், கூடவே கால்சியம் பார்க்கச் சொல்கிறார்கள். ஆனால் சட்டென நிறுத்தினால் சில வாரத்திலேயே மேனியா (அளவுமீறிய உற்சாகமும் வேகமும் வரும் கட்டம்) திரும்பிவிடலாம். நிறுத்தியே ஆகவேண்டுமென்றால், மருத்துவர் குறைந்தது 4 வாரம், முடிந்தால் 3 மாதம் எடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்.

ரத்தத்தில் லித்தியம் அளவு பார்ப்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். இரவு 9 மணிக்குப் போட்டால் காலை 9 மணிக்கு. காலை மாத்திரை உண்டென்றால் ரத்தம் கொடுத்த பிறகுதான். முன்பே போட்டுவிட்டுப் போனால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும். ரத்தம் உறையாமலிருக்க லித்தியம் ஹெப்பாரின் சேர்த்த பச்சை மூடிக் குழாயில் எடுத்தாலும் அப்படித்தான். டோஸ் மாற்றினால் 5 முதல் 7 நாள் கழித்துப் பாருங்கள். பலருக்கு லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் போதும். 1.5ஐத் தாண்டினால் ஆபத்து.

சிறுநீரகம் லித்தியத்தை உப்பைப் போலவே நடத்துகிறது. உடம்பில் உப்பும் நீரும் குறைந்தால் லித்தியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வயிற்றுப்போக்கு, கடும் வெயில், உப்பில்லா விரதம் எல்லாமே இப்படி அளவை ஏற்றும். பல்வலிக்குக் கடையில் கொடுக்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், பிரஷருக்கான ராமிப்ரில், டெல்மிசார்டன், தயசைடு மாத்திரைகளும் ஏற்றும். வலிக்குப் பாராசிட்டமால் பரவாயில்லை. கை பெரிதாக நடுங்குவது, வாந்தி, நாக்குக் குழறுவது, நடை தள்ளாடுவது தெரிந்தால் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். ஒரு வேளை மாத்திரை மறந்துபோனால் அடுத்த வேளை இரண்டாகப் போடக் கூடாது.

இணையத்தில் வைத்தியம் பார்க்கிறேன் என்று சிலர் சண்டைக்கு வரலாம். அவருக்கு எத்தனை மில்லிகிராம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. இன்னொன்றும் சொல்லவேண்டும்: பைபோலாரை இன்னும் "ஒரு உடம்புக்குள் இரண்டு ஆள்" என்று காட்டிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இரண்டு ஆளாக இருப்பது முற்றிலும் வேறு நோய். இந்தக் குழப்பத்தால் எத்தனை பேர் தங்கள் நோயை வெளியே சொல்லாமல் மறைக்கிறார்கள்!

தூக்கத்தைத் தினமும் குறித்துவையுங்கள். இரண்டு இரவு தொடர்ந்து மூன்று நான்கு மணி நேரமே தூங்கி, களைப்பே இல்லாமல் சுறுசுறுப்பாகத் திரிந்தால், அடுத்த அப்பாயிண்ட்மென்ட் வரை காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவர் கிடைக்காத நேரத்தில் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 உண்டு. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.