ஓவியரைக் கேளுங்கள்: கையில் எதைக் கொடுப்பது?

கேள்வி: அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் முதல் பெண் உறுப்பினர் ஜெனட் ராங்கினின் படத்தை, அவர் இறந்து பல வருடம் கழித்துச் சபையே வரையச் சொன்னதாமே? ஆளைப் பார்க்காமல் வரைவதில் எது கஷ்டம்? நீங்களாக இருந்தால் எப்படி வரைவீர்கள்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: முகம் கஷ்டமில்லை அம்மா. ஸ்டுடியோவில் இருபது வருஷம் போட்டோ பார்த்துப் படம் போட்டவன் நான். பென்சிலால் கட்டம் போட்டுப் பெரிதாக்கினால் முகம் வந்துவிடும். ஒருமுறை ஒரு மகன் தன் அப்பாவின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைக் கொடுத்துவிட்டு, "சட்டைப் பையில ஒரு பேனா வெச்சிடுங்க, கிளிப் தங்கக் கலர்ல தெரியணும்" என்றார். பெரியவர் ஆயுசுக்கும் கைநாட்டு. மகனே சொன்னதுதான். சரி என்று வைத்தேன். முகத்துக்கு ஒரு நாள், அந்தக் கிளிப்புக்கு அரை நாள்!

ராங்கின் 1880இல் மொன்டானாவில் மிசோலா ஊர்ப் பக்கம் ஒரு பண்ணையில் பிறந்தவர். மொன்டானா அப்போது மாநிலமே இல்லை, 1889இல்தான் ஆனது. 1914இல் அங்கே பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது, அதற்காக அலைந்தவர்களில் இவரும் ஒருவர். 1916இல் ஜெயித்து, 1917 ஏப்ரல் 2ஆம் தேதி சபையில் உட்கார்ந்தார். நாடு முழுவதற்குமான பெண்கள் ஓட்டுரிமைச் சட்டத் திருத்தம் 1920இல்தான் வந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

உட்கார்ந்த நான்காம் நாளே முதல் உலகப் போருக்கு ஓட்டெடுப்பு. எதிர்த்த 50 பேரில் ஒருவர். அப்புறம் 1940இல் மறுபடி ஜெயித்து வந்தார். 1941 டிசம்பர் 8, ஜப்பான் மீது போர் அறிவிக்க ஆதரவு 388, எதிர்ப்பு 1. அந்த ஒன்று இவர்தான். வெளியே வந்தவரைக் கூட்டம் சூழ்ந்துகொள்ள, ஒரு டெலிபோன் கூண்டுக்குள் புகுந்து போலீசைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

1973இல் இறந்தார். ஷாரன் ஸ்ப்ரங் என்ற ஓவியர் 2004இல் இவரை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். பிற்பாடு மிஷேல் ஒபாமாவின் வெள்ளை மாளிகைப் படத்தை வரைந்ததும் அவரேதான். ராங்கினை எந்த வயதில் நிறுத்தினார் தெரியுமா? சபைக்குப் புதிதாக வந்த 1917ஆம் வருடத்தில். தலையில் தொப்பி, கையில் அவர் சபைக்கு வந்த நாளின் செய்தித்தாள். அந்தக் காலத்து போட்டோக்கள் கறுப்பு வெள்ளை. துணிக்கு நிறம் முடிவு செய்வதே பெரிய பாடு.

செய்தித்தாள் எனக்குப் பிடித்த யோசனை. ஒரு தேதியைச் சுவரில் எழுதாமல் கையில் கொடுத்துவிடலாம். ஆனால் கொஞ்சம் ஜாக்கிரதையான யோசனையும்கூட. வந்த நாளைக் கொண்டாட யாருக்கும் தயக்கமில்லை, வேண்டாம் என்று சொன்ன நாள்தான் சங்கடம். நாடாளுமன்றக் கட்டடத்தில் 1985இல் வைத்த அவருடைய வெண்கலச் சிலையின் பீடத்திலோ, போருக்கு என்னால் ஓட்டளிக்க முடியாது என்ற அவர் பேச்சையே பொறித்துவிட்டார்கள். அங்கே தயங்கவில்லை.

நானாக இருந்தால்? 1968 ஜனவரியில், 87 வயதில், வியட்நாம் போரை எதிர்த்து வாஷிங்டனில் பெண்கள் ஊர்வலத்துக்கு முன்னால் நடந்தாரே, அந்தக் கிழவியை வரைவேன். காந்தி மேல் ஈடுபாடு வைத்து, 1946இலிருந்து ஏழு தடவை இந்தியாவுக்கு வந்துபோன மனுஷி. கண்ணைச் சுற்றியுள்ள சுருக்கத்துக்கே ஒரு வாரம் எடுத்துக்கொள்வேன். கையில் எதுவும் கொடுக்க மாட்டேன்.