ரெண்டு பள்ளம் தெரியுதா? மேக்னான்–நுண்ணலை கேள்வி பதில்

எம்.எஸ்சி. மாணவர், அபிஷேகப்பட்டி: அண்ணாச்சி, மேக்னானும் நுண்ணலை ஃபோட்டானும் பிணைஞ்சிருக்குன்னு எதை வச்சுச் சொல்லுதாங்க?

தம்பி, ரெண்டு தூணுக்கு நடுவுல ஒரு கயிறைத் தொய்வாக் கட்டி, சம நீளத்துல ரெண்டு தேங்காயைத் தொங்கவிடு. ஒண்ணை ஆட்டினா அது மெல்ல ஓயும், மத்தது ஆடத் தொடங்கும். பிறகு ஆட்டம் திரும்பி வரும். இங்க ஒரு தேங்காய், செம்புப் பெட்டிக்குள்ள அடைபட்ட நுண்ணலை, அதான் மைக்ரோவேவ். அதோட ஒரு துளிதான் ஃபோட்டான். இன்னொண்ணு, இட்ரியம் இரும்பு கார்னெட்ங்கிற காந்தப் பொருள்ல செஞ்ச சின்னக் குண்டுல உள்ள ஸ்பின்கள், அதாவது எலக்ட்ரான்களோட குட்டிக் காந்தங்கள், சேர்ந்து ஆடுற ஆட்டம். அதோட ஒரு துளிதான் மேக்னான்.

காந்தப்புலத்தைக் கூட்டினா குண்டோட அதிர்வெண் டெஸ்லாவுக்கு 28 கிகாஹெர்ட்ஸ் வீதம் ஏறும். பெட்டி 10 கிகாஹெர்ட்ஸ்னா, வரைபடத்துல 0.36 டெஸ்லா பக்கம் ரெண்டோட அதிர்வெண் கோடும் வெட்டிக்கிடணும். வெட்டாது! கிட்ட வந்து, வளைஞ்சு, விலகிப் போகும். பெட்டியில இருந்து திரும்பி வர்ற நுண்ணலையை அளந்தா, அந்த இடத்துல ரெண்டு பள்ளம் தெரியும். அந்த இடைவெளி பள்ளத்தோட அகலத்தை விடப் பெருசா இருந்தாத்தான் வலுவான பிணைப்பு. 2010-ல சோய்கால், ஃப்ளாட்டேன்னு ரெண்டு இயற்பியலாளர்கள் கணக்குப் போட்டாங்க. 2013-ல ஜெர்மனியில கண்ணால பாத்தாச்சு.

இயற்பியல் டீச்சர், பாளையங்கோட்டை: ஒரே ஒரு ஸ்பின் போதாதா?

போதாது டீச்சர். டோக்கியோ குழு 2014-ல அளந்தபடி ஒரு ஸ்பின்னோட பிணைப்பு 0.04 ஹெர்ட்ஸ்தான், ஒரு சுற்றுக்கு 25 விநாடி. ஃபோட்டான் ஒரு மைக்ரோவிநாடி கூடத் தாங்காது. ஆனா அரை மில்லிமீட்டர் குண்டுல சுமார் பத்தாயிரம் கோடி கோடி ஸ்பின் இருக்கு. வர்ற ஒரு ஃபோட்டானை அத்தனையும் பங்கு போட்டா, ஆளுக்கு எண்ணிக்கையோட வர்க்கமூலத்துல ஒரு பங்கு வீச்சு. எல்லாம் ஒரே தாளத்துல கூடும்போது வர்க்கமூலம் மிஞ்சும். நூறு கோடி மடங்குக்கு மேல! அதனால 47 மெகாஹெர்ட்ஸ். பள்ளங்களுக்கு நடுவுல அதுல இரட்டிப்பு.

டவுன்காரர்: நெல்லையப்பர் கோயில் இசைத்தூண் மாதிரின்னு சொல்லலாமாவே?

பாதி சொல்லலாம். ஒரே கல்லுல செதுக்கினதால தட்டின அதிர்வு பக்கத்துத் தூணுக்கும் போகும். ஆனா கல்லோட சுருதியை மாத்த முடியாது. குண்டோட சுருதி நம்ம கையில இருக்கு.

செல்போன் ரிப்பேர் கடை, வள்ளியூர்: போனுல வருமா?

வராது. காந்தத்தை எங்கவே வைப்பிய? ஆனா நுண்ணலை அளக்கற கருவிகள்ல இந்தக் குண்டு ரொம்ப காலமா இருக்கு.

டீச்சர் மறுபடி: கடுங்குளிர் கட்டாயமா?

பள்ளம் பாக்க அறை வெப்பம் போதும். ஒத்தை மேக்னானை எண்ணத்தான் குளிர் வேணும்: 10 கிகாஹெர்ட்ஸ் ஃபோட்டானோட ஆற்றல் அரை கெல்வின் வெப்பநிலைக்குச் சமம், அதை விட ரொம்பக் கீழ போகணும். 2020-ல மீக்கடத்தியில செஞ்ச க்யூபிட்டை (குவாண்டம் கணினியோட அடிப்படை அலகு) வச்சு அதையும் செஞ்சாங்க.

அபிஷேகப்பட்டித் தம்பி: எனக்கு ஒரே பள்ளம்தான் வருது அண்ணாச்சி.

குண்டை நட்ட நடுவுல வச்சிருப்ப. சாதாரண செவ்வகப் பெட்டியில அங்க மின்புலம் உச்சம், நுண்ணலையோட காந்தப்புலம் சுழி. சுவர் ஓரமாக் கொண்டு போ. வெளிக்காந்தப்புலம் நுண்ணலையோட காந்தப்புலத்துக்குக் குறுக்கா இருக்கட்டும். எஃகு இடுக்கியால தூக்காத, ஒட்டிக்கிட்டு விடாது. உதறினா கசகசாவுல பாதி இருக்குற கருப்புக் குண்டு எங்க போச்சுன்னு தெரியாது. ஒரு மத்தியானம் பூரா தரையில டார்ச் அடிச்சுத் தேடினவன் நான்.