மீனின் குரோமோசோம் சோறு போடுமா?

அன்புள்ள ஐயா,

விலங்குகளின் மரபியல் படிக்க ஆசைப்படும் மகளை வெளியே உட்காரவைத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் நீங்கள் கேட்ட கேள்வி இது. நன்னிலம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அன்று அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன்.

உங்கள் குளத்திலிருந்தே தொடங்குகிறேன். ரோகு, கட்லா, மிர்கால் மூன்றுக்கும், செல்லுக்குள் மரபுச் செய்தியைச் சுமக்கும் குரோமோசோம் 50. அதே குளத்தில் சேற்றைக் கிளறித் திரியும் சாதாக் கெண்டைக்கு 100. எப்போதோ இரண்டு மீன் இனங்கள் கலந்து, இரண்டின் மரபுத் தொகுதியும் முழுதாக அதனுள் தங்கிவிட்டது. முதுகெலும்புள்ள விலங்குகளின் தொடக்கத்திலேயே இப்படி மொத்தத் தொகுதியும் பெருகியிருக்க வேண்டும் என்று மரபியல் அறிஞர் சுசுமு ஓனோ 1970இல் எழுதினார். பிற்கால ஜீனோம் (முழு மரபுத் தொகுதி) ஆய்வுகள் அதற்குச் சான்று தந்தன. எண்ணிக்கை குறைந்துபோன கதையும் உண்டு. நம் மேற்கு மலைக் காடுகளில் வாழும் கேளையாடு என்னும் சிறு மானில் பெண்ணுக்கு 6, ஆணுக்கு 7. அதன் சீனத்து உறவினத்துக்கோ 46! குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போயிருக்கின்றன. உங்கள் மகள் இதைச் சொன்னபோது அவள் கண்ணைப் பார்த்தீர்களா?

போன வருடம் வாங்கிய குஞ்சு “கட்லாவும் இல்லை, ரோகுவும் இல்லை” என்று அலுத்துக்கொண்டீர்களே, அதுவும் இந்தப் படிப்புதான். பொரிப்பகத்தில் இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டால் கலப்புக் குஞ்சு பிறக்கும். அதுவும் வளர்ந்து இனம் பெருக்கும். அடுத்தடுத்த தலைமுறையில் கண்ணால் பிரித்தறிவது கடினம். டிஎன்ஏ காட்டிக்கொடுக்கும்.

இனி பணம். இளநிலை 3 ஆண்டு, முதுநிலை 2, முனைவர் பட்டம் 5 அல்லது அதற்கும் மேல். இருபத்தெட்டு வயது வரை நிலையான வேலை இருக்காது. நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் வரும். கிடைக்காதவர்கள் படும் பாட்டையும் பார்த்திருக்கிறேன். கல்யாணப் பேச்சுதான் உங்கள் உண்மையான கவலை என்றால், அதற்கு என்னிடம் மருந்தில்லை.

நானாக இருந்தால் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் நான்காண்டுப் பட்டத்தைத்தான் முதலில் பார்ப்பேன். மீன்வளத் துறை வேலைக்கும் வழி உண்டு, பிறகு மீன் மரபியலில் மேற்படிப்புக்கும் உண்டு. லக்னோவில் அதற்கென்றே தேசிய மீன் மரபுவளப் பணியகம் இருக்கிறது. மீன் மட்டும் போதாது, பறவையும் பாம்பும் வேண்டும் என்று அவள் பிடிவாதமாக நின்றால் விலங்கியலே சரி. அப்புறம் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், ஹைதராபாதின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் என்று குறிவைக்கலாம். நீங்கள் சொன்ன நர்சிங்கைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அவள் ஒரு தடவைகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒன்றைக் கேட்க மறந்துவிட்டேன். பிளஸ் டூவில் கணிதம் இருக்கிறதா? இந்தத் துறையில் பாதி வேலை கணினித் திரையில்தான்; புள்ளியியலும் நிரல் எழுதுவதும் வராமல் நகர முடியாது. அடுத்த வாரம் வரும்போது மதிப்பெண் பட்டியலைக் கொண்டுவாருங்கள். அவளையும் உள்ளே கூட்டிவாருங்கள்.