லினக்ஸில் டெஸ்க்டொப்பை மட்டும் நிறுத்துவது என்றால் என்ன?

கணினியை அணைக்காமல், ஐகன், விண்டோ, மவுஸ் அம்புக்குறி எல்லாம் காட்டும் வரைகலை முகப்பை மட்டும் மூடிவிட்டு, கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டி வேலை செய்வதுதான் இது.

விண்டோஸ் போல கணினியை இயக்கும் மென்பொருளான லினக்ஸில் கேர்னல் எனும் மையப்பகுதி வேறு, டெஸ்க்டொப் வேறு. டெஸ்க்டொப் அதன் மேல் ஓடும் இன்னொரு மென்பொருள், அவ்வளவுதான். கிளிநொச்சிப் பக்கம் அரிசி ஆலைக்கு முன்னால் இருக்கும் கடையைப் பூட்டினாலும் பின்னால் மில் ஓடும்தானே, அப்படி.

எதற்காக நிறுத்த வேண்டும்? க்னோம் போன்ற டெஸ்க்டொப் சும்மா இருக்கும்போதே சில நூறு மெகாபைட் ராமைப் பிடித்து வைத்திருக்கும். 2 ஜிபி ராம் உள்ள பழைய கணினியை ஒரு ரியூசன் நிலையத்தில் பைல் சேவராக, அதாவது மற்றக் கணினிகளுக்குக் கோப்புகளைக் கொடுக்கும் பெட்டியாகப் போட்டிருந்தால் அது பெரிய இழப்பு. மொனிட்டரே இணைக்காத பெட்டிக்கு முகப்பு எதற்கு?

சரி, எப்படி? இப்போதைய உபுண்டு, டெபியன், பெடோரா போன்ற லினக்ஸ் வகைகளில் டெர்மினலை, அதாவது கட்டளை தட்டும் விண்டோவைத் திறந்து 'sudo systemctl isolate multi-user.target' என்று தட்டுங்கள். திரும்பக் கொண்டுவர multi-user இருந்த இடத்தில் graphical என்று போட்டால் போதும். டெஸ்க்டொப்பை நிறுத்துவதற்கு முன் திறந்திருக்கும் கோப்புகளைச் சேமித்துவிடுங்கள். டெஸ்க்டொப்பில் ஓடும் பிரவுசர், எழுதிக்கொண்டிருந்த கடிதம் எல்லாம் அதோடு சேர்ந்து மூடிவிடும்.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்திக் கறுப்புத் திரை வந்ததும் டெஸ்க்டொப் நின்றுவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அது திரையைத்தான் மாற்றுகிறது, டெஸ்க்டொப் பின்னால் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது.